"மாத்திடலாங்க சார்" என்பவர்களுக்கு

பாண்டிச்சேரி நினைவுகளின் அடுத்த பகுதியை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம் வரும். இன்றைக்கு என்னிடம் இருப்பது கோபம். ஆறிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். விஷயம் என்னவோ சின்னதுதான். கார் ரேடியோவில் வரும் இரைச்சல். "இதற்கு ஒரு கட்டுரையா?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாக முழுதும் படியுங்கள்.

எங்கள் வீட்டில் பன்னிரண்டு வயதான ஒரு பெட்ரோல் கார் இருக்கிறது. அதை ஓட்டுவது என் மச்சினர் மகன். நான் பக்கத்தில் உட்காருவேன், என் மனைவி பின்னால். அவளுக்கென்று பேரன் ஒரு பென் டிரைவில் பழைய பாட்டுகளை நிரப்பிக் கொடுத்திருக்கிறான். பெருந்துறையை விட்டு வண்டி கிளம்பினால் அது பாட ஆரம்பித்துவிடும். போன ஐப்பசியில் பாட்டோடு சேர்ந்து இன்னொரு குரலும் பாட ஆரம்பித்தது. நாய் ஊளையிடுவது போல ஒரு மெல்லிய சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். இரண்டு பாட்டுக்கு நடுவில் அமைதி வரும்போது நன்றாகவே கேட்கும்.

கார் ஸ்டீரியோ பொருத்தும் கடை ஒன்றுக்குப் போனோம். பெயர் வேண்டாம். அரை நிமிடம் கேட்டார்கள். "ஆல்டர்னேட்டர் சத்தம்ங்க சார். ஃபில்டர் ஒண்ணு போட்டா நின்னுடும்" என்றார்கள். 650 ரூபாய். சத்தம் குறைந்தது. இரண்டு வாரத்தில் திரும்ப வந்தது. மறுபடி போனோம். "செட்டு பழசாயிடுச்சுங்க, மாத்திடலாங்க சார்" என்றார்கள். புது செட்டு 5,400 ரூபாய். ஊளை அன்றைக்கு மாலையே புது செட்டில் புதுத் தெளிவோடு கேட்டது. மூன்றாம் முறை "நல்ல ஷீல்டு ஒயரா மாத்திடலாம்" என்று 900 ரூபாய். நான்காம் முறை சொன்னார்கள்: "ஆல்டர்னேட்டரையே மாத்திடலாங்க சார், 8,500 ஆகும்."

அதுவரை நான் கொடுத்தது 6,950 ரூபாய். நான்கு முறை போனதில் ஒரு முறைகூட யாரும் பானெட்டைத் திறக்கவில்லை. ஒரு மீட்டரைக் கையில் எடுக்கவில்லை. "எப்போதெல்லாம் சத்தம் கூடுகிறது?" என்று கேட்கவுமில்லை. ஆல்டர்னேட்டரை மாற்ற நான் சம்மதிக்கவில்லை. காரணம் அறிவு அல்ல, கஞ்சத்தனம். இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கார்த்திகையில் ஒரு நாள் மனைவிக்குக் கண் பரிசோதனை. கோயம்புத்தூர் போய்விட்டுத் திரும்பும்போது இருட்டிவிட்டது. நல்ல மழை. ஹெட்லைட், வைப்பர், கண்ணாடி மூடியிருந்ததால் ஏ.சி., எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஊளை என்றைக்கும் இல்லாத அளவுக்குக் கேட்டதால் பாட்டையே நிறுத்திவிட்டோம். செங்கப்பள்ளி தாண்டி ஒரு பேக்கரியில் டீக்கு நிறுத்தினோம். குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினாலும் அதே "டக்". கண்ணில் மருந்து விட்டதால் எதுவும் சரியாகத் தெரியாமல், என் மனைவி பின் சீட்டில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். சர்வீஸ் ரோட்டில் லாரிகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போயின. எழுபதைத் தாண்டிய இரண்டு பேருக்கு அந்த நேரத்தில் அந்த இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும்.

பேக்கரிக்குப் பக்கத்தில் லாரிகளுக்கு ஒயரிங் பார்க்கும் ஒரு பட்டறை. அங்கே இருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பானெட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே கேட்டார்: "இதுக்கு முன்னாடி ஏதாச்சும் தொந்தரவு காட்டுச்சுங்களா?" நான் ரேடியோ இரைச்சலைச் சொன்னேன். உடனே அடுத்த கேள்வி: "லைட்டு போட்டா அந்தச் சத்தம் கூடுச்சுங்களா?"

கூடியது. ஒரு மாதமாகக் கூடிக்கொண்டிருந்தது. 6,950 ரூபாய் வாங்கியவர்கள் கேட்காத கேள்வியை, இன்னும் ஒரு காசும் வாங்காத பையன் கேட்டார்.

ஒரு சாதாரண மீட்டரை எடுத்தார். ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் வைத்தார், இன்னொன்றை எஞ்சினின் வெற்று இரும்பில். "இப்ப சாவியத் திருப்புங்க" என்றார். மீட்டர் நாலு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அந்த இரண்டு இடமும் ஒரே ஒயரால் இணைக்கப்பட்டவை. அங்கே இவ்வளவு வோல்ட் தெரியவே கூடாது. பிறகு பட்டறையிலிருந்து தடிமனான ஒரு கேபிளைக் கொண்டுவந்து, பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சினுக்குப் பிடித்தார். வண்டி கொஞ்சம் திணறிவிட்டுக் கிளம்பியது. "ரேடியோவப் போடுங்க" என்றார். பாட்டு மட்டும் கேட்டது. ஊளை இல்லை.

பிறகு பழைய எர்த் ஒயரைக் கழற்றிக் காட்டினார். எஞ்சினில் போல்ட் போட்டிருந்த முனையில் பச்சை பூத்து, செம்பு இழைகளில் பாதி அறுந்து, மீதி பொடியாகிக்கொண்டிருந்தது. லாரி கேபிளில் ஒரு துண்டு வெட்டி, இரண்டு முனையும் அடித்து, துருவைச் சுரண்டிவிட்டு முறுக்கினார். முக்கால் மணி நேரம். எவ்வளவு என்று கேட்டேன். 200 ரூபாய் என்றார். 500 கொடுத்தேன். "ஒயருக்கும் லக்குக்கும்தாங்க கேட்டேன். தேடுனதுக்கெல்லாம் என்னங்க காசு?" என்று மீதியைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

அந்த வார்த்தைதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், நடந்தது என்ன என்பதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஆல்டர்னேட்டர் உள்ளே உற்பத்தி செய்வது ஏறி இறங்கும் மின்சாரம், மூன்று கட்டமாக. அதை ஒரே திசையில் திருப்பிவிடுவதற்கு உள்ளேயே டயோடுகள் இருக்கின்றன, பொதுவாக ஆறு. அவை திருப்பினாலும் அலை முழுவதும் போய்விடாது. சின்னச் சின்ன நெளிவுகள் மிச்சமிருக்கும். அந்த நெளிவுகளை வாங்கித் தட்டையாக்குவது பேட்டரி. கிணற்றிலிருந்து மோட்டார் விட்டு விட்டுத் தள்ளும் தண்ணீரைத் தொட்டி வாங்கிக்கொண்டு வாய்க்காலில் சீராக விடுகிறதல்லவா, அது மாதிரி. எஞ்சின் வேகம் கூடினால் நெளிவுகளின் எண்ணிக்கையும் கூடும். அதனால்தான் ஊளையின் சுருதி ஆக்சிலேட்டரோடு ஏறுகிறது. ஆகவே "ஆல்டர்னேட்டர் சத்தம்" என்று கடைக்காரர் சொன்னது பொய்யல்ல. ஆனால் ஆல்டர்னேட்டர் கெட்டதால் வந்த சத்தம் அல்ல அது. ஆல்டர்னேட்டருக்கும் தொட்டிக்கும் நடுவில் குழாய் அடைத்திருந்தது. அடைத்த குழாய் வழியாக பேட்டரிக்குச் சார்ஜும் சரியாகப் போகவில்லை. லைட்டும் வைப்பரும் இழுக்கும் மழை இரவில், இருந்த சார்ஜும் கரைந்துபோனது. ஸ்டார்ட்டர் இழுக்க வேண்டிய பெரிய மின்சாரமும் அதே பாழான ஒயர் வழியாகத்தான் திரும்ப வேண்டும். அது முடியாமல் "டக்".

ஊளை என்பது வண்டி கொடுத்த மனு. முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் மனுக்களைப் பார்த்தவன் நான். மனுவைப் படிக்காமல் "ஆவன செய்யப்பட்டது" என்று எழுதிக் கோப்பை மூடும் ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஃபில்டர் என்பது அந்தக் குறிப்பு. மனுதாரரின் வாயை இரண்டு வாரம் அடைத்தது. குறை அப்படியே இருந்தது.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பௌதிக வாத்தியார் இரண்டு வார்த்தைகளைக் குழப்பினால் விரலிலேயே அடிப்பார். பூமிக்குப் போகும் இணைப்புக்கு "தேர்", அதாவது மண். கருவியின் இரும்பு உடம்பையே திரும்பு வழியாக வைத்துக்கொண்டால் அது "மாஸ்". கார் நிற்பது ரப்பர் டயரில். அதற்கும் பூமிக்கும் என்ன இணைப்பு? ஆனாலும் நாம் எல்லோரும் "எர்த்" என்கிறோம். வார்த்தை தப்பானால் நினைப்பும் தப்பாகிறது. எர்த் என்றதும், எங்கே தொட்டாலும் மின்சாரம் போய்ச் சேர்ந்துவிடும் அடிமட்டம் என்று நினைக்கிறோம். கையில் கிடைத்த போல்ட்டில், பெயின்ட்டுக்கு மேலேயே, ஒயரைச் சுற்றிவிட்டுப் போகிறோம். உண்மையில் அது போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை. போகும் ஒயருக்கு எவ்வளவு மரியாதையோ, வரும் பாதைக்கும் அவ்வளவு மரியாதை வேண்டும்.

இன்னொரு வார்த்தையும் அந்த வாத்தியார் தந்தது. ரேடியோ இரைச்சலுக்குப் பிரெஞ்சில் "பராசித்" என்பார்கள். ஒட்டுண்ணி என்று பொருள். உண்ணி எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்துப் பிடுங்குவார்களா, மாட்டையே மாற்றுவார்களா?

இது புதுப் பிரச்சினையும் அல்ல. 1930இல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோ விற்க வந்த காலத்திலேயே பெரிய எதிரி எஞ்சினின் பொறிதான். ஸ்பார்க் பிளக்கில் தெறிக்கும் ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ஒலிபரப்பி. ஆரம்ப காலக் கம்பியில்லாத் தந்தியே பொறியை வைத்துத்தான் அனுப்பினார்கள். இரைச்சலை அளப்பதற்கும் அதற்கு வரம்பு கட்டுவதற்கும் 1934இல் ஒரு சர்வதேசக் குழுவே ஏற்பட்டது. சிஸ்ப்ர் என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த எழுத்துகள் அதன் பிரெஞ்சுப் பெயரின் சுருக்கம். காரிலேயே இருக்கும் ரேடியோவைக் காரின் இரைச்சலிலிருந்து காப்பதற்கு அவர்களுடைய 25ஆம் எண் தரம் இருக்கிறது. இன்றைக்கு நாம் வாங்கும் பல பிளக்குகளின் எண்ணில் "ஆர்" என்ற எழுத்து இருக்கும். உள்ளே சுமார் ஐயாயிரம் ஓம் மின்தடை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதாவது இரைச்சலைப் பிறக்கும் இடத்திலேயே அடக்கினார்கள். ரேடியோவை மாற்றச் சொல்லவில்லை.

பெரிய கம்பெனிகளும் இப்போது நம் கடைக்காரர் வழிக்கு வந்துவிட்டன என்பது வேறு கதை. டெஸ்லா, பி.எம்.டபிள்யூ. போன்றவை மின்சாரக் கார்களில் ஏ.எம். ரேடியோவையே எடுத்துவிட்டன, மோட்டாரின் இரைச்சல் ஏ.எம். அலைவரிசையைக் கெடுக்கிறதாம். இரைச்சல் வந்தால் கேட்கும் காதையே எடுத்துவிடுவது! 2023இல் ஃபோர்டு அப்படிச் செய்யப்போய், எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. மீடியம் வேவில் கோவை வானொலியின் வேளாண் நிகழ்ச்சி கேட்டு வளர்ந்த இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் கோபம் புரியும்.

சரி, காரணத்தைத் தேடுவது அவ்வளவு கஷ்டமா? இல்லை. என் வயதில் நானே கற்றுக்கொண்டேன். வீட்டிலேயே செய்யக் கூடியது இது:

எஞ்சினை நிறுத்தி, ரேடியோவை மட்டும் போடுங்கள். சத்தம் நின்றால், வருவது எஞ்சின் பக்கம். நிற்காவிட்டால் ரேடியோ, அதன் ஒயர், அல்லது சிகரெட் லைட்டர் துளையில் செருகியிருக்கும் மலிவான மொபைல் சார்ஜர். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பல பேருக்கு நோய் அங்கேயே முடிந்துவிடும்.

எஃப்.எம்மில் மட்டும் இரைந்து, பென் டிரைவில் பாட்டு சுத்தமாக இருந்தால், அது ஆன்டெனா வழியாகக் காற்றில் வருகிறது. இரண்டிலும் இருந்தால் ஒயர் வழியாக வருகிறது.

வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தும் சத்தம் குறையவில்லை என்றால், அது வால்யூமுக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபையர் பக்கம் நுழைகிறது. கூடவே குறைந்தால் முன்னாலேயே நுழைந்துவிட்டது.

சுருதி ஏறி இறங்கும் ஊளையென்றால் சார்ஜ் பக்கம். எஞ்சின் வேகத்தோடு "டிக் டிக்" என்று வந்தால் பிளக், பிளக் ஒயர் பக்கம். வைப்பர் போட்டால் மட்டும் வந்தால் வைப்பர் மோட்டார். லைட் போட்டால் கூடுகிறது என்றால் முதலில் எர்த் இணைப்பு.

கடைசியாக மீட்டர். எஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய, பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் டி.சி.யில் அளந்தால் 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. பேட்டரியின் இரண்டு கம்பத்துக்கும் நடுவில் ஏ.சி. அளவில் அரை வோல்ட்டைத் தாண்டினால் டயோடைச் சந்தேகப்படலாம்; அப்போது ஆல்டர்னேட்டரைப் பற்றிப் பேச நியாயம் இருக்கிறது. ஒன்றே ஒன்று: ஓடும் எஞ்சினுக்குமேல் குனியும்போது பெல்ட்டும் ஃபேனும் கவனம். துண்டையும் சேலைத் தலைப்பையும் சொருகிக்கொள்ளுங்கள்.

இவ்வளவுதான். கால் மணி நேரம், சில நூறு ரூபாய் மீட்டர்.

இந்த மண்ணுக்கு இது தெரியாத வித்தையா? 1937இல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்த மண் இது. நான் இங்கே குடிவந்த புதிதில் மாமனார் தோட்டத்துக்கு ஒரு மோட்டார் ரீவைண்டிங்காரர் வருவார். கிணற்று மேட்டில் நின்று கேட்பார், கையை வைத்துச் சூடு பார்ப்பார், டெஸ்ட் லேம்ப் போடுவார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார். "காயில் நல்லாத்தான் இருக்குதுங்க, பேரிங்கு போச்சு" என்று சொல்லிப் பெரிய வேலையைத் தானே வேண்டாம் என்று விட்டவர். அவருக்கு அந்த வேலை கிடைத்திருந்தால் நாலு மடங்கு காசு.

இனி அந்தத் தம்பியின் வார்த்தைக்கு வருகிறேன். பத்து நாள் கழித்து ஸ்டீரியோ கடைக்கு, கழற்றிய பச்சை பூத்த ஒயரை எடுத்துக்கொண்டு போனேன். சண்டை போடத்தான் போனேன். கடைக்காரர் ஒயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. "தப்புத்தாங்க சார். ஆனா ஒண்ணு கேக்கறேன். ஒரு மணி நேரம் தேடி, 'ஒயருதான் லூசு, முறுக்கிட்டேன், 500 கொடுங்க'ன்னா நீங்க கொடுத்திருப்பீங்களா? பொருளக் கையில கொடுத்தாத்தானுங்க காசு வருது" என்றார்.

பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. கொடுத்திருக்க மாட்டேன். "லூசான போல்ட்டை முறுக்க 500 ரூபாயா?" என்று நாலு பேரிடம் சொல்லி ஏசியிருப்பேன். டப்பாவோடு வந்த ஃபில்டருக்கு 650 கொடுக்கும்போது மட்டும் முகம் சுளிக்கவில்லை. பொருளுக்குக் காசு, அறிவுக்கு ஓசி என்று அவர்களைப் பழக்கியது நாம்தான். அந்த லாரிப் பட்டறைத் தம்பியும் அதை நம்பிவிட்டார், தன்னிடம் இருப்பதிலேயே விலை உயர்ந்ததை இனாமாகக் கொடுக்க வேண்டும் என்று.

அதற்காகக் கடைக்காரரை நான் விட்டுவிடவில்லை. தேடுவதற்குக் கூலி கிடைக்காது என்பது, தேடாமலே தேடியதுபோல் சொல்வதற்கு நியாயம் ஆகாது. "எனக்குத் தெரியவில்லை, தேடினால் இவ்வளவு ஆகும், சம்மதமா?" என்று கேட்டிருக்கலாம். வாடிக்கையாளர் போய்விட்டால் போகட்டும். ஊகத்தை உறுதி மாதிரி விற்றதுதான் குற்றம். நடு இரவில் கண் தெரியாமல் உட்கார்ந்திருந்தவள் அந்த ஊகத்தின் விலையைக் கொடுத்தாள்.

ஆகவே இரண்டு பக்கத்துக்கும் சொல்கிறேன். பட்டறைக்காரர்களே, பில்லில் முதல் வரியாகச் "சோதனைக் கூலி" என்று எழுதுங்கள். என்ன அளந்தீர்கள், எவ்வளவு காட்டியது என்று பக்கத்தில் எழுதுங்கள். கழற்றிய பொருளைக் கையில் கொடுங்கள். பெரியவர்களே, அந்த முதல் வரியில் பேரம் பேசாதீர்கள். "மாத்திடலாங்க சார்" என்று சொன்னால், "எதை அளந்து சொல்றீங்க?" என்று மட்டும் கேளுங்கள். அளந்திருந்தால் கொடுங்கள், அளக்கவில்லை என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வாருங்கள்.

ஃபில்டரை இன்னும் கழற்றவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். செங்கப்பள்ளிப் பக்கம் போன வாரம் போனபோது பட்டறையில் நிறுத்தி, அன்றைக்குத் தேடியதற்கென்று தனியாக 500 ரூபாய் கொடுத்தேன். தம்பி வாங்க மறுத்தார். என் மனைவி காரிலிருந்து இறங்கி, "வாங்கிக்க கண்ணு. வேணாம்னு சொல்லிச் சொல்லித்தான் எல்லாரும் பொருள வித்துட்டு இருக்கறாங்க" என்றாள்.

வாங்கிக்கொண்டார்.